முதலில் தெரிந்தது என்ன?



உங்களில் அநேகமானோர் பார்த்திருக்கக்கூடிய ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பார்வைக்கு அதில் ஓர் இளம்பெண் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டிருப்பாள். இன்னொரு பார்வைக்கு அதே கோடுகளில் நீண்ட மூக்கும் தாழ்ந்த நாடியும் கொண்ட ஒரு கிழவி தெரிவாள். பெண்ணின் தாடைதான் கிழவிக்கு மூக்கு. பெண்ணின் கழுத்துப்பட்டிதான் கிழவிக்கு வாய். பெண்ணின் காதுதான் கிழவிக்குக் கண். இரண்டையும் ஒரே நேரத்தில் காண எவராலும் முடியாது. ஒன்று வந்தால் மற்றது மறையும்.

முன்பெல்லாம் இந்தப் படம் பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களில், குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பக்கத்தில் வரும். இப்போது கைத்தொலைபேசியில் நாளுக்கு ஒன்றாக வந்து சேர்கிறது. கீழே ஒரு குறிப்பும் இருக்கும். முதலில் பெண்ணைக் கண்டவர் மகிழ்ச்சியான சுபாவம் உள்ளவராம். முதலில் கிழவியைக் கண்டவர் கவலைப்படும் சுபாவம் உள்ளவராம். ஒரு நொடியில் உங்கள் குணத்தைச் சொல்லிவிடுகிறோம் என்கிறார்கள்.

விளையாட்டு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் மாமி ஒருவர் இந்தப் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டி, "மகள், உங்களுக்கு முதல்ல என்ன தெரியுது?" என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை "கிழவி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் உம்மாவுக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு கோட்டுப் படம் ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுக்குமானால், அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று நிதானமாகப் பார்ப்பது நல்லதல்லவா?

பதுளையில் வாழும் எனக்குக் கண் எப்படி மயங்குகிறது என்பதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகரத்திலிருந்து மஹியங்கனை வீதியில் சிறிது தூரம் போய், காட்டுப் பாதையில் நடந்தால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. பதுளு ஓயா அங்கே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அடுத்த முறை குடும்பத்தோடு போகும்போது இதைச் செய்து பாருங்கள். விழும் தண்ணீரின் நடுவில் ஓர் இடத்தைத் தெரிவு செய்து, கண்ணை அசைக்காமல் ஒரு நிமிடம் அதையே பாருங்கள். பிறகு சட்டென்று பக்கத்திலிருக்கும் பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேலே ஏறும். ஏறுவது போலிருக்கும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். சில நொடிகளில் அடங்கிவிடும்.

ரொபர்ட் அடம்ஸ் என்பவர் 1834இல் ஸ்கொட்லாந்தின் ஃபொயர்ஸ் நீர்வீழ்ச்சியில் இதையே கண்டு எழுதி வைத்தார். அதனால் இதற்கு நீர்வீழ்ச்சி மயக்கம் என்றே பெயர் வந்தது. காரணம் எளிமையானது. நமது மூளையில் கீழ்நோக்கிய அசைவுக்கென்று சில உயிரணுக்களும் மேல்நோக்கிய அசைவுக்கென்று சில உயிரணுக்களும் இருக்கின்றன. அசையாத ஒன்றைப் பார்க்கும்போது இரு பக்கமும் தராசுத் தட்டுகள் போலச் சமமாக நிற்கும். ஒரு நிமிடம் தண்ணீர் விழுவதையே பார்த்தால் கீழ்நோக்கிய பக்கம் சளைத்துவிடுகிறது. அப்போது பாறையைப் பார்த்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது, பாறை ஏறுகிறது.

முப்பது வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்த காலத்தில் எத்தனையோ சுற்றுலாக்களில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பாறை ஏறியது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் ஏறியது. கூட வந்த அதிபருக்கும், பாதையோரம் சோளம் அவித்து விற்றவருக்கும் ஏறியது. இதில் யாருடைய குணமும் தெரியவில்லை. படைப்பில் எல்லோருக்கும் ஒரேவிதமாக அமைந்த ஓர் ஒழுங்குதான் தெரிந்தது.

இன்னொரு மயக்கத்தை ரெயிலில் காணலாம். 1924இல் பதுளை வரை வந்து முடிந்த நமது மலையகப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்காக ஏதாவது ஒரு ஸ்டேசனில் காத்திருக்க வேண்டும். அப்போது பக்கத்து வண்டி மெதுவாக நகரும். நமது வண்டிதான் புறப்பட்டுவிட்டது என்று நினைப்போம். மறுபக்க ஜன்னலில் தூண் அசையாமல் நிற்பதைக் கண்ட பிறகுதான் விளங்கும். ஜன்னல் முழுவதும் நிறைந்திருப்பது நிலையான உலகமாகத்தான் இருக்கும் என்று மூளை ஊகித்துக்கொள்கிறது. பெரும்பாலும் அந்த ஊகம் சரி. ஸ்டேசனில் மட்டும் பிழைத்துப் போகிறது.

இந்த "ஊகம்" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிழவியும் பெண்ணுமான படத்தில் நடப்பதும் அதுதான். கோடுகள் இரண்டு விதமாகவும் பொருந்துகின்றன. மூளை ஒன்றை ஊகித்து நம் முன்னால் வைக்கிறது.

அந்தப் படத்தின் கதையையும் கேளுங்கள். 1888இல் ஜெர்மனியில் ஒரு தபால் அட்டையில் அது வந்திருக்கிறது. 1915இல் டபிள்யூ. ஈ. ஹில் என்ற ஓவியர் அதை வரைந்து அமெரிக்க நகைச்சுவைச் சஞ்சிகையான 'பக்'கில் வெளியிட்டார். அவர் கொடுத்த தலைப்பு "என் மனைவியும் என் மாமியாரும்" என்பது. இருவரும் படத்தில் இருக்கிறார்கள், கண்டுபிடியுங்கள் என்பதுதான் பகிடி. 1930இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் அதை ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மாமியார் பகிடியாகப் பிறந்த ஒன்றுதான் நமது வீட்டுப் பெண்பிள்ளையின் குணத்தை அளக்கும் கோலாக வந்து நிற்கிறது!

அப்படியானால் முதலில் தெரிவது நம்மைப் பற்றி எதையுமே சொல்வதில்லையா? சொல்கிறது. ஆனால் தொலைபேசியில் வருவது போலல்ல.

அவுஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் படத்தை 393 பேருக்கு அரை நொடி நேரம் காட்டி, தெரிந்த உருவத்துக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டார்கள். வயது கூடியவர்கள் சொன்ன வயது இளையவர்கள் சொன்னதைவிடக் கூடியிருந்தது. நாம் யாரோடு பழகுகிறோமோ அந்த முகம் நமக்கு முந்தித் தெரிகிறது. நமது உம்மம்மா கிழவியைக் கண்டால் அவர் கவலைக்காரர் என்று அர்த்தமில்லை. அவருடைய கூட்டாளிமாரெல்லாம் கிழவிகள் என்பதுதான் அர்த்தம்.

வாத்தாகவும் முயலாகவும் தெரியும் இன்னொரு படம் இருக்கிறது. அதுவும் 1892இல் ஒரு ஜெர்மன் நகைச்சுவை இதழில் வந்ததுதான். 1899இல் ஜோசப் ஜாஸ்ட்ரோ என்ற அமெரிக்க உளவியலாளர் அதை எடுத்து எழுதிய பின் புகழ்பெற்றது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இதை வைத்து ஒரு சோதனை செய்து 1993இல் வெளியிட்டார்கள். ஈஸ்டர் பண்டிகை அன்றும் பிறகு ஒக்டோபர் மாதத்திலும், மிருகக்காட்சிச்சாலை வாசலில் வந்தவர்களிடம் படத்தைக் காட்டினார்கள். அந்த நாடுகளில் ஈஸ்டர் வந்தால் கடையெல்லாம் முயல் பொம்மை நிறைந்திருக்கும். அன்று பார்த்தவர்களில் அதிகம் பேருக்கு முயல் தெரிந்தது. ஒக்டோபரில் அதே படம் அதிகம் பேருக்குப் பறவையாகத் தெரிந்தது. ஆறு மாதத்தில் ஒரு ஊரின் குணமே மாறிவிட்டதா? கடை ஜன்னல்தான் மாறியது.

2015இல் உலகமே சண்டை பிடித்த சட்டைப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே புகைப்படம்; ஒருவர் நீலமும் கறுப்பும் என்றார், பக்கத்திலிருந்தவர் வெள்ளையும் தங்க நிறமும் என்றார். உண்மையான சட்டை நீலமும் கறுப்பும். புகைப்படத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பது தெளிவாக இல்லாததால் ஒவ்வொருவருடைய மூளையும் அதை ஊகித்துக்கொண்டது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாஸ்கல் வாலிஷ் 2017இல் வெளியிட்ட ஆய்வில் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் கேட்டிருந்தார். விடிய எழும்பும் பழக்கமுள்ளவர்களுக்கு வெள்ளையும் தங்கமும் தெரிவது சற்று அதிகமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில் அதிகம் புழங்குகிறவர்களின் மூளை பகல் வெளிச்சத்தையே எதிர்பார்க்கிறது என்பது அவர் விளக்கம். ஸுப்ஹுக்கு எழும்புகிறவரையும் நடுச்சாமம் வரை விழித்திருப்பவரையும் பிரிக்கும் பழக்கத்தைச் சட்டை ஓரளவு காட்டியது. அவர்களில் யார் நல்லவர் என்று அது சொல்லவில்லை.

குணத்துக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மற்றக் கண்ணுக்குப் பச்சையும் தனித்தனியே காட்டினால் மூளை இரண்டையும் மாறி மாறிக் காணும். சில நேரம் இரண்டும் கலந்தும் தெரியும். புதிய கருத்துகளை மனந்திறந்து ஏற்கும் சுபாவமுள்ளவர்களுக்கு அந்தக் கலவை கூடுதல் நேரம் தெரிந்ததாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஆய்வுகூடத்தில் கருவி வைத்துப் பலரை அளந்து பெற்ற சராசரி. நூறு வீடுகளின் மின்சாரக் கட்டணச் சராசரியைக் கொண்டு உங்கள் வீட்டுக் கட்டணத்தைச் சொல்ல முடியாதல்லவா? அதுபோல, சராசரியைக் கொண்டு முன்னாலிருக்கும் ஒரு பிள்ளையின் குணத்தைச் சொல்ல முடியாது.

வாழும் இடமும் பார்வையோடு சம்பந்தப்படுகிறது. இதைச் சோதித்த ஓர் ஆரம்பகால முயற்சி நமது தமிழகத்தின் நீலகிரியிலேயே நடந்தது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1901–1902 காலப்பகுதியில் அங்கே தோடர் மக்களிடையே தங்கி அவர்களுடைய பார்வையையும் மற்றப் புலன்களையும் சோதித்தார். சம நீளமான இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் இருக்கும். ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தெரியும். 1889இல் மியுல்லர்-லையர் காட்டிய மயக்கம் இது. இதில் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். நாகரிகத்தில் உயர்ந்தவர்கள் என்று தங்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான் கூடுதலாக ஏமாந்தார்கள். மூலைமுடுக்கும் நேர்கோடும் நிறைந்த கட்டடங்களில் வாழ்ந்த பழக்கமே இதற்குக் காரணம் என்று பின்னால் வந்த சிலர் சொன்னார்கள். அந்த விவாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் ஒரு கூட்டத்தாரை மடையர் என்றும் மற்றக் கூட்டத்தாரை அறிவாளி என்றும் பிரிக்க இந்த மயக்கங்கள் உதவவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கண் காண்பது அறிவின் ஊகத்தோடு கலந்தது என்ற இந்த உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியவர் நம்மவர் ஒருவர். இப்னு அல்-ஹைதம். 965இல் ஈராக்கின் பஸராவில் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் காலமானவர். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய எண்ணத்தை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்றார். அதோடு நிற்கவில்லை. வந்த ஒளியை, முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு மனம் தீர்ப்புச் செய்கிறது. அது மிக விரைவாக நடப்பதால் நாம் அதை உணர்வதில்லை என்றும் எழுதினார். உதிக்கும்போது பெரிதாகத் தெரியும் சந்திரனைப் பற்றியும் அவர் ஆராய்ந்திருக்கிறார். பதினாலாம் பிறை நமது மலை விளிம்பில் எழும்பும்போது கையை நீட்டிச் சின்னி விரலால் மறைத்துப் பாருங்கள். நடுவானத்துக்கு வந்த பின்பும் அதே விரலால் மறையுங்கள். இரண்டு தடவையும் விரல் போதும். சந்திரன் பெருக்கவுமில்லை, சிறுக்கவுமில்லை.

அந்த நூலின் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது. சரியாகக் காண்பதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும் என்கிறார். தூரம் அளவாக இருக்க வேண்டும். பொருள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும். காற்று தெளிவாக இருக்க வேண்டும். மூடுபனி நாட்களில் ஹப்புத்தளைப் பக்கம் வாகனம் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பார்ப்பதற்கு நேரம் வேண்டும். கண் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பார்வை பிழைக்கும்.

வாசகர்களே, இந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன்.

ஓய்வு பெற்ற பின் ஒரு தோட்டப் பாடசாலைக்கு உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வழிகாட்டல் கருத்தரங்கு என்று ஒரு நிகழ்ச்சி. வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் முன்சுவரில் படங்களைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, "முதலில் என்ன தெரிகிறது?" என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் ஆளுமை இதில் தெரிந்துவிடும், எந்தத் துறைக்குப் போகலாம் என்று சொல்லிவிடலாம் என்றார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கடைசி வாங்கில் இருந்தாள். உயரமான பிள்ளை, உயரத்தால்தான் பின்னால் இருத்தியிருந்தார்கள். அவளுடைய முறை வந்தது. எழும்பி நின்று கண்ணைச் சுருக்கினாள்.

"ஒன்னும் தெரியலைங்க சேர்."

"நன்றாகப் பார். ஒரு பெண்ணா, கிழவியா?"

"வெள்ளையா இருக்கு சேர். நடுவில கறுப்பா ஏதோ இருக்கு."

வகுப்பு சிரித்தது. அவர் தாளில் எழுதினார். பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. "கற்பனை வளம் குறைவு. தொழிற்பயிற்சி" என்று இருந்தது.

தேநீர் இடைவேளையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படத்துக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் நிறுத்தினேன். ஒரு கணம் பார்த்தாள். "கிழவி டீச்சர்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். "இல்ல டீச்சர், ஒரு அக்காவும் இருக்காங்க. அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாங்க." அவளாகவே இரண்டையும் கண்டுவிட்டாள். வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டாவது உருவத்தை விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

பின்னேரம் அவளுடைய அம்மாவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "சின்னதிலேருந்தே புஸ்தகத்த மூக்குல ஒட்டிக்கிட்டுத்தான் டீச்சர் படிக்கும். சொன்னா கேக்காது. கண்ணு கெட்டுப்போயிடும்னு ரெண்டு அடியும் போட்டிருக்கேன்" என்றார். பிள்ளை புத்தகத்தை ஒட்டிப் பிடித்ததால் கண் கெடவில்லை, கண் சரியில்லாததால்தான் ஒட்டிப் பிடித்தது என்று விளக்கினேன். பதுளைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றபோது அந்தத் தாய் கணக்குப் பார்த்தார். ஒரு நாள் பேர் போகும். பஸ் செலவு. கண்ணாடிக்கு வேறு. இந்தக் கணக்கைப் பார்க்காமல் தோட்டத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையுமில்லை.

போனோம். தூரப்பார்வை மிகவும் குறைவு என்றார்கள். இரண்டு வாரத்தில் கண்ணாடி கிடைத்தது. கடை வாசலில் அதைப் போட்டுக்கொண்டவள் எதையும் பேசவில்லை. பஸ் நிலையத்தில் நின்ற பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். "பசறை. லுணுகலை. ஹாலிஎல. பண்டாரவளை." பிறகு அம்மாவிடம், "அம்மா, நீ எப்பவும் இங்கேருந்தே பாத்துத்தான் நம்ம பஸ்ஸ சொல்லுவியா?" என்று கேட்டாள். பஸ்ஸின் பெயரைக் கிட்டப் போய்த்தான் வாசிக்க வேண்டும் என்று பதினான்கு வருடம் அவள் நினைத்திருக்கிறாள். எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் என்பது அவளுடைய எண்ணம். தனக்குத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? மற்றவருக்கு எப்படித் தெரிகிறது என்று அதற்குத் தெரியாதே.

அந்தத் தாள் பாடசாலைக் கோப்பில் இருந்தது. நான் அதிபரிடம் விஷயத்தைச் சொல்லி, கண் கிளினிக் துண்டையும் அதோடு சேர்த்துக் கோர்க்கச் செய்தேன். எழுதியதைக் கிழிக்க முடியாது என்றார்கள். பக்கத்தில் உண்மையாவது இருக்கட்டும்.

வந்திருந்த அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் ஒரு படத்தைத்தான் பார்த்தார். கடைசி வாங்கு, கறுத்த உயரமான தோட்டப் பிள்ளை, பதில் தெரியாமல் நிற்கிறாள். அவருடைய மனம் பழகிய ஊகத்தை எடுத்து முன்னால் வைத்தது. அதே கோடுகளுக்குள் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தியும் நின்றாள். அவளைக் காண இன்னொரு நிமிடம் வேண்டியிருந்தது. பதுளைக் கடைத்தெருவில் நாம் மூன்று மொழிக்காரர்களும் தினமும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு நடக்கிறோம். சேலையைக் கண்டும், தொப்பியைக் கண்டும், காற்சட்டையைக் கண்டும் எத்தனை தீர்ப்புகளை நாமும் மனத்துக்குள் எழுதிக்கொள்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

சரித்திர நூல்களில் ஒரு சம்பவம் வருகிறது. இப்னு அல்-ஹைதம் பிறந்த அதே பஸராவில், அவருக்கு வெகுகாலத்துக்கு முன் வாழ்ந்தவர் நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்கள். நூறு வயதை நெருங்கிய காலத்தில் சிலரோடு சேர்ந்து தலைப்பிறை பார்க்க நின்றார்கள். "அதோ பிறை" என்று அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். மற்ற எவருக்கும் தெரியவில்லை. பிற்காலத்தில் பஸராவின் காழியாகப் புகழ்பெற்ற இயாஸ் இப்னு முஆவியா அங்கே இருந்தார். அவர் அனஸ் (ரழி) அவர்களின் முகத்தைக் கவனித்தார். புருவத்து நரைமுடி ஒன்று வளைந்து கண்முன் தொங்கியது. மெதுவாக அதைத் தடவி ஒழுங்காக்கிவிட்டு, "இப்போது பிறையைக் காட்டுங்கள்" என்றார். பார்த்த அவர்கள், "இப்போது தெரியவில்லையே" என்றார்கள்.

இயாஸ் அவர்கள் அந்தப் பெரியவரைப் பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. வயதாகிவிட்டது என்று இரக்கப்பட்டு ஒதுக்கவுமில்லை. மற்றவர்களெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைப் பார்த்தார். ஒரு ஆசிரியருக்கும் ஒரு தாய்க்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆகவே, இந்தப் பக்கத்தை வாசிக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை புத்தகத்தைக் கண்ணருகே பிடிக்கிறதா? தொலைக்காட்சிக்கு நெருங்கிப் போய் உட்காருகிறதா? தூரத்தில் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா, தலையைச் சரிக்கிறதா? கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறதா? அடிக்கடி தலையிடி என்கிறதா? அடிப்பதற்கும் ஏசுவதற்கும் முன் கண்ணைச் சோதியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் சோதிப்பதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். தேநீரை மேசைக்கு வெளியே வைத்துக் கொட்டிவிடும் உம்மம்மாவுக்குக் கவனம் குறையவில்லை, கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்து வாங்கில் இருத்துவதற்கு முன், கடைசி வாங்கிலிருந்து கரும்பலகையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம்தான் செல்லும்.

மயக்கப் படங்களை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மழை நாட்களில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனால் முதலில் என்ன தெரிந்தது என்று கேட்டு நிறுத்திவிட வேண்டாம். வேறு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால், எழும்பிப் போய்ப் படத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டுங்கள்.

அந்தப் பெண்வீட்டு உம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். உங்கள் மகள் கிழவியைக் கண்டதில் ஒரு குறையுமில்லை. உம்மம்மாவோடு ஒரே அறையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு யார் முந்தித் தெரிவார்?